வலு குறைந்த மோட்டார்

"இதைவிட வலு குறைஞ்சது இருக்கா நானா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள் றுமானா.

முனீபுக்குச் சிரிப்பு வந்தது. திருகோணமலையில் இந்தக் கடையைத் திறந்த நாளிலிருந்து, மோட்டார் வாங்க வந்த ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை.

"என்ன மெஷினுக்குத் தங்கச்சி?"

"மரத்துல பூ கீறுற சிஎன்சி மெஷின். வீட்டிலேயே செய்யிறோம். கம்ப்யூட்டர்ல படத்தைக் குடுத்தா, ஊசி பலகையில அப்பிடியே கீறும்." றுமானா கனவில் கதைப்பவள் போலச் சொன்னாள். "பிறகு அந்தக் கீறல்ல இவர் உளி பிடிப்பார்."

'இவர்' கடை வாசலில் நின்றார். பெயர் பஸ்லான். துறைமுகப் பக்கம் முகத்தைத் திருப்பி, கதவு நிலையைத் தடவியபடி தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். தூரத்தில் கப்பலொன்று ஊதியது. அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் விரிந்தது.

நல்ல மாப்பிள்ளைதான். மனைவியைச் சாமான் பார்க்க விட்டுவிட்டுக் காற்று வாங்குகிறார்.

முனீப் பெரிய ஸ்டெப்பர் மோட்டாரை மேசையில் வைத்து ஓடவிட்டார். யாரோ வாய்க்குள் பாட்டு முணுமுணுப்பது போல அது இரைந்தது.

றுமானா சுழலும் அச்சை இரண்டு விரலால் பிடித்தாள். அது விரலை உதறிவிட்டுச் சுழன்றது.

"இது வேணாம்."

சின்னதை ஓடவிட்டார். அவள் பிடித்ததும் அது நடுங்கி நின்றது. அவள் முகம் மலர்ந்தது.

"இதுதான்."

"கை பட்டாலே நிக்கிற மோட்டார் என்னத்துக்குத் தங்கச்சி? இடையில நிண்டா பூ கோணிப் போகும். விலைதான் யோசனையெண்டா, பெரிசையும் இதே விலைக்குத் தாறன்."

"கோணினா வேற பலகையில கீறலாம். இதையே தாங்க."

முனீபுக்கு எரிச்சலாகிவிட்டது. சின்ன மோட்டாரை ஓடவிட்டபடியே வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"தம்பி, வேலை செய்யப்போறது நீங்கதானே. நீங்களாவது வந்து பாருங்களேன்."

பஸ்லான் உள்ளே வந்தார். கண்ணாடி அலுமாரியில் முட்டினார். அதன் விளிம்பைத் தடவித் தடவி மேசைக்கு வந்து, சத்தம் வந்த பக்கம் கையை நீட்டினார். விரல் அச்சில் பட்டது. மோட்டார் நின்றது.

"பாத்துட்டன் நானா. நல்லா இருக்கு" என்றார்.

முனீப் அவசரமாக சுவிட்சை அணைத்தார்.

றுமானா மெதுவாகச் சொன்னாள்: "பூ எப்பிடி வருகுதெண்டு இவர் தொட்டுத்தானே பாக்கிறவர். ஊசி வாற நேரமும் அந்தக் கை பலகையிலதான் இருக்கும்."