நாலு மணி ஒத்திகைக்கு ஒரு பெடல்

மூன்றாவது தடவையும் சத்தம் வரவில்லை.

பிளக்கைச் செருகினேன். காலால் ஸ்விட்சை மிதித்தேன். கிட்டார் தந்தியைத் தட்டினேன். ஆம்ப்ளிஃபயர் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தது.

மணி இரண்டு. நாலு மணிக்கு ஒத்திகை.

கோபம் வந்தால் எனக்குக் கண் மண் தெரியாது. இன்றைக்குக் காலையிலிருந்தே அப்படித்தான் இருக்கிறேன்.

காலையில் எங்கள் இசைக்குழுத் தலைவர் வீட்டுக்கு வந்தார். அவரை வாசலிலேயே நிறுத்தி வைத்து, இனிமேல் அவள் வரமாட்டாள், ஓய்வெடுக்கட்டும் என்று சொல்லிவிட்டார் என் கணவர். அவர் முதுகுக்குப் பின்னால்தான் நான் நின்றிருந்தேன். தலையைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தாரா? இல்லை. தலைவராவது என் முகத்தைப் பார்த்திருக்கலாம். அவரும் சரி சார், சரி சார் என்று இவரிடமே தலையாட்டிவிட்டுப் போனார்.

பதினோரு வருஷம் அந்தக் குழுவில் முன்னால் நின்றவள் நான்.

இனிப் பின்னால் நின்று கிட்டார் வாசிக்கிறேன் என்று போன வாரமே தலைவருக்கு எழுதியிருந்தேன். அவர் தயங்கினார். அதில் தப்பில்லை. என் கிட்டார் பரம சாது. டிரம்ஸ்காரன் ஒரு தட்டுத் தட்டினால் போதும், நான் வாசிப்பது எனக்கே கேட்காது.

அதற்குத்தான் இந்த டிஸ்டார்ஷன் பெடல். கிட்டாரின் நல்ல சத்தத்தை வாங்கி, கிழித்து, கரகரவென்று வெளியே துப்புகிற சின்னப் பெட்டி. இன்றைக்கு இதோடு போய் நிற்காவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

ரெடிமேடாகக் கடையிலேயே கிடைக்கும். போன சனிக்கிழமை போனோம். கடைக்காரர் என்னைத் தாண்டி என் கணவரைப் பார்த்து, "மேடத்துக்கு என்ன வேணுமாம் சார்?" என்றார். சுலபமாக ஒன்று கொடுங்கள், அவளுக்கு இதெல்லாம் புதுசு என்று இவரும் பதில் சொன்னார்.

எனக்கு வீம்பு ஏறிவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் உதிரியாகக் கிடந்த ஒவ்வொன்றையும் விரலால் சுட்டிச் சுட்டி வாங்கினேன். ரெசிஸ்டர் இத்தனை, டயோடு இரண்டு, டிரான்சிஸ்டர் ஒன்று. ஈயத்தை உருக்கி ஒட்டுகிற சால்டரிங் அயர்னைக் கையால் தொட்டதே அதற்கப்புறம்தான்.

ஒரு பிஸ்கட் டின், ஒரு புத்தகத்தில் இருந்த படம், நான். மூன்று பேருமாகச் சேர்ந்து ஐந்து நாள் மாரடித்தோம்.

அயர்ன் நுனி சுண்டுவிரலைச் சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். பக்கத்து அறையில் இருந்தவருக்குத் தெரியவே தெரியாது.

ஆனால் புகை வாசனை மட்டும் அவருக்கு எப்படித்தான் தெரியுமோ. வந்தார். ஜன்னலைத் திறந்தார். ஃபேனைப் போட்டார்.

"புகை ஆகாதும்மா."

ஃபேன் காற்றில் ஈயம் ஒட்டுவதற்குள் ஆறிவிடுகிறது. எழுந்து போய் அணைத்தேன். வந்து போட்டார். அணைத்தேன். மறுபடியும் போட்டார். அப்போதும் அவருக்குக் கோபம் வரவில்லை, பாவி மனுஷன்.

இப்போதெல்லாம் அவருக்குக் கோபமே வருவதில்லை. நான் வேண்டுமென்றே ஒரு டம்ளரைப் போட்டு உடைத்தாலும் துடைப்பத்தோடு வந்து நிற்கிறார். இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் போட்ட சண்டைக்கெல்லாம் இந்தத் தெருவே சாட்சி. ஏழு மாதமாக ஒரு சண்டை இல்லை. இப்படி ஒரு வீட்டில் ஒருத்தி எப்படிக் குடித்தனம் பண்ணுவது?

மூன்றாவது தடவையும் ஏமாற்றிய ஆத்திரத்தில், சுவரில் அடிக்கத்தான் பிஸ்கட் டின்னுக்குள் இருந்த போர்டை, உதிரிகளையெல்லாம் ஒட்டிய அந்த அட்டையை, பிடுங்கி எடுத்தேன்.

ஜன்னல் வெளிச்சம் அதன் பின்பக்கத்தில் விழுந்தது. புத்தகத்தில் இருந்த படம் அச்சு அசலாக அங்கே இருந்தது. பின்பக்கத்தில்.

மேலே இருந்து பார்த்துப் போட்ட படத்தை, போர்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு அப்படியே ஒட்டியிருக்கிறேன். இடது வலதாகிவிட்டது, வலது இடதாகிவிட்டது. மற்றதெல்லாம் இப்படி இடம் வலம் மாறினாலும் வேலை செய்துவிடும். மூன்று கால் டிரான்சிஸ்டர் மட்டும் செய்யாது. மூளை கெட்ட ஜென்மம் என்று என்னையே திட்டிக்கொண்டு அதைப் பிடுங்கினேன். பின்பக்கம் முன்பக்கமாகத் திருப்பி, மறுபடி ஒட்டினேன்.

மணி மூன்று ஐந்து.

மிதித்தேன். தட்டினேன்.

வீடு அதிர்ந்தது. அலமாரியில் பாத்திரங்கள் கலகலத்தன. எதிர்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது.

நான் நிறுத்தவில்லை. வாசலில் என்னைக் கேட்காமல் பேசியதற்கு ஒன்று. கடைக்காரனுக்கு ஒன்று. ஃபேனுக்கு ஒன்று. துடைப்பத்துக்கு நாலு.

அவர் கையில் செய்தித்தாளோடு ஓடி வந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"ஏன்டி இப்படிக் கத்துற? உன் நல்லதுக்குத்தானே சொன்னேன்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

அந்தக் குழுவில் நான் பாடகி. என் குரல்வளையை எடுத்து ஏழு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து எனக்கும் சேர்த்து அவர்தான் ஊரோடெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். கையை நீட்டித் தடுத்தேன். ஆறு தந்தியையும் சேர்த்து, ஓங்கி இன்னொரு அடி அடித்தேன்.

அவர் செய்தித்தாளைத் தரையில் வீசினார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். தலைவரின் எண்ணை அழுத்தி, அதை ஆம்ப்ளிஃபயரின் முன்னால் நீட்டிப் பிடித்தார்.

"நீயே சொல்லிக்கோ."

கோபமாகத்தான் சொன்னார்.