இன்னும் ஒரு அலசு

முதல் கரண்டி வாய்க்குள் போனதுமே, துப்பிவிடலாமா என்று தோன்றியது அக்காவுக்கு. தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேஜை. எதிரே தங்கையின் கணவர். வேறு வழியில்லாமல் விழுங்கினாள்.

"என்ன மாப்பிள்ளை இது? சோப்புத் தண்ணியில வேக வெச்சீங்களா?"

"கினோவா அக்கா" என்றார் அவர். நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைக் கேட்டாலும் முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பிப்பார். "பார்க்கத் தானியம் மாதிரி இருக்கும். தானியம் இல்லை, விதை. கீரைக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு வெச்சுக்குங்க. புரதம், நார்ச்சத்து, இரும்பு, மெக்னீசியம் எல்லாம் இருக்கு. உடம்பு தானாத் தயாரிக்க முடியாத அமினோ அமிலங்கள் ஒன்பதும் இருக்கு. காலையில பாலோட சாப்பிடலாம், ராத்திரி சூப்புல போடலாம், ஆறவெச்சு வெள்ளரிக்காய் நறுக்கிப் போட்டு..."

"அதெல்லாம் இருக்கட்டும். ருசி எங்க?"

அவர் தண்ணீர் டம்ளரை அக்கா பக்கம் நகர்த்தினார்.

தங்கை தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தில் வந்த கட்டிக்குக் கதிர்வீச்சு சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவள். கன்னம் ஒட்டி, கை வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. அதையே அவள் தட்டைத் துடைத்துச் சாப்பிடுவதை அக்காவால் பார்க்க முடியவில்லை.

ஒரு தொழிற்சாலை கேன்டீனையே கட்டி மேய்த்தவள் அக்கா. அவள் சமையலில் உப்பு ஒரு கல் கூடியது என்று சொன்ன ஆள் கிடையாது. அப்படிப்பட்டவளின் கூடப்பிறந்தவளுக்கு இந்தக் கதியா?

"நாளைக்கு இவளை என்கூட அனுப்பிடுங்க. ஒரு மாசம் என் கையால சாப்பிட்டா ஆள் தேறிடுவா."

நூலகரின் முகம் சுருங்கியது.

"அக்கா, நான் இங்கயே..." என்று ஆரம்பித்தாள் தங்கை.

"நீ சும்மா இருடி. இவருக்கு வக்காலத்து வாங்கியே பழகிட்டே."

நூலகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"மத்தியானம் நீங்க சமைங்க அக்கா. இதையே சமைங்க. உங்க சமையலை அவ இதைவிட ரெண்டு வாய் கூடுதலா சாப்பிட்டான்னா, கூட்டிக்கிட்டுப் போங்க. நான் தடுக்க மாட்டேன்."

அக்காவுக்கு அது போதும். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

பாக்கெட்டைத் திருப்பியதுமே விஷயம் விளங்கிவிட்டது. 'விதையின் மேல் கசப்புப் பூச்சு உண்டு. நுரை அடங்கும் வரை நன்றாக அலசவும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

வீடு முழுக்கப் புத்தகத்தை அடுக்கிவைத்திருக்கிற மனுஷனுக்கு, பாக்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற ரெண்டு வரியைப் படிக்க முடியவில்லை.

அலசினாள். நுரை போய், தண்ணீர் கண்ணாடியாகும் வரை அலசினாள். வெங்காயமும் பூண்டும் வதக்கி, கேரட்டும் பீன்ஸும் சேர்த்து, மிளகைத் தட்டிப் போட்டு, இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்தாள். கூடத்தில் இருந்தவர்கள் கூப்பிடாமலே மேஜைக்கு வந்துவிட்டார்கள்.

நூலகர் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்தால் ஜெயிலிலிருந்து அன்றைக்குத்தான் விடுதலையானவர் போல இருந்தது. இரண்டாம் தடவை அவரே போட்டுக்கொண்டார்.

"பிரமாதம் அக்கா. பொய் சொல்லக் கூடாது, பிரமாதம்."

"ஒண்ணுமில்லை மாப்பிள்ளை. அலசணும். அவ்வளவுதான்" என்றாள் அக்கா, பெருந்தன்மையாக. பெட்டியில் தங்கையின் துணிகளை எப்படி அடுக்குவது என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்திருந்தது.

தங்கை ஒரு வாய் மென்றாள். காகிதத்தை மெல்லுவது போல மென்றாள். இன்னொரு வாய். கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நல்லா இருக்குக்கா."

"நல்லா இருந்தா ஏன் வெச்சுட்டே?"

தங்கை கணவரைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்தார்.

"நல்லா இருக்கும்னுதான் நினைக்கிறேன். வாசனை வருது. ஆனா சிகிச்சைக்கு அப்புறம் என் நாக்குக்கு எதுவுமே தெரியலைக்கா. உப்பு, இனிப்பு, காரம் ஒண்ணும் தெரியலை. எதை வாயில போட்டாலும் பஞ்சு. போன்ல சொன்னா நீ அடிச்சுப் பிடிச்சுக் கிளம்பி வந்துடுவேன்னு சொல்லலை."

"சொல்லாமலே வந்துட்டேன். மேல சொல்லு."

"சோறு தண்ணியே வேண்டாம்னு கிடந்தேன். ஒரு நாள் இவர் இதை அலச மறந்துட்டார். ஒரு வாய் வெச்சதும், 'கசக்குது'ன்னேன். இவர் தன் தட்டோட எழுந்து உள்ள போயிட்டார். திரும்பி வர ரொம்ப நேரமாச்சு, கண்ணு சிவந்திருந்தது. நாக்குக்கு ஒண்ணாவது தெரிஞ்சுதேன்னு அன்னைக்குத்தான் நான் முழுசா சாப்பிட்டேன்."

அக்கா தன் நாற்காலியைத் தங்கை பக்கம் நகர்த்திக்கொண்டாள். பிறகு குரல் இறங்கிக் கேட்டாள்:

"சரி, அவளுக்கு அது வேணும். நீங்க ஏன் மாப்பிள்ளை அந்தக் கசப்பைத் தின்னணும்? உங்களுக்குத் தனியா அலசி வெச்சுக்கலாமே?"

"நானும் அதையே சாப்பிடலைன்னா, அவளுக்கு எவ்வளவு தெரியுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்றார் நூலகர். "வாரத்துக்கு ஒரு அலசு கூட்டிக்கிட்டு வர்றேன் அக்கா. கசப்பு குறைஞ்சுக்கிட்டே வருது, இவ இன்னும் அதைக் கண்டுபிடிச்சுக்கிட்டே இருக்கா. காலையில நீங்க சாப்பிட்டதெல்லாம் ஒண்ணுமே இல்லை. முதல் வாரத்துல வந்திருக்கணும் நீங்க."

அடுப்படி விஷயத்தில் யாரிடமும் யோசனை கேட்டறியாத அக்கா எழுந்துபோய், பாக்கெட்டில் மிச்சமிருந்ததைப் பாத்திரத்தில் கொட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"ராத்திரிக்கு எத்தனை அலசு, மாப்பிள்ளை?"