இரண்டாவது பெயர்

“அவன் வர்ற பஸ்ஸோட டயர் வெடிக்கணும்பா. ஆளுக்கு ஒண்ணும் ஆக வேண்டாம். டயர் மட்டும் வெடிச்சாப் போதும்.”

“வாயைக் கழுவு, நெஸ்ரின்,” என்றார் ராசிம். “யார் பெத்த பிள்ளையோ.”

இஸ்தான்புல்லில் ஒரு பல்கலைக்கழகத்தின் சட்டத்துறை அலுவலக வராந்தாவில் அப்பாவும் மகளும் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ச் சுவரில் ஒரு பட்டியல். மற்ற அரசுப் பல்கலைக்கழகங்களிலிருந்து மூன்றாம் ஆண்டுக்கு மாறி வருகிறவர்களுக்கு இரண்டே இடம். முதல் பெயர்க்காரி காலையிலேயே சேர்ந்துவிட்டாள். இரண்டாவது பெயர் தாரிக் அய்தெமிர். அவன் ஐந்து மணிக்குள் சேராவிட்டால், காத்திருப்போரில் முதலாவதாக நிற்கும் நெஸ்ரினுக்கு அந்த இடம்.

மணி நாலேகால்.

பெஞ்சின் மறுகோடியில் தலையில் முக்காடிட்ட ஒரு பெண், மடியில் பழுப்பு ஃபைலுடன் உட்கார்ந்திருந்தாள். பெயர் ஸெக்கியே. நெஸ்ரின் தன் சிமித் ரொட்டியைப் பிய்த்து, எள் உதிர உதிர அவளிடம் நீட்டினாள்.

“எடுத்துக்கங்க பெரியம்மா. மத்தியானத்திலேர்ந்து நீங்க ஒண்ணுமே சாப்பிடலை.”

“என்னையேவா பாத்துக்கிட்டிருந்தே?”

“வேற என்னத்தைப் பாக்கிறது? கடிகாரத்தைப் பாத்தா முள்ளு நகரவே மாட்டேங்குது.”

ஸெக்கியே சிரித்து வாங்கிக்கொண்டாள்.

“எந்த ஊர் தங்கச்சி?” என்றார் ராசிம்.

“யோஸ்காட். மகன் விஷயமா ஒரு பேப்பர் குடுக்க வந்தேன்.”

“நாங்க டோகாட். இவ படிக்கிறது சிவாஸ்ல.”

“ஏம்மா, சிவாஸ்லயும் இதே சட்டத்தைத்தானே சொல்லித் தர்றாங்க?”

“சட்டம் அதேதான் பெரியம்மா. வேலை கேட்டுப் போனா, என்ன படிச்சேன்னு யாரு கேக்குறா? எங்க படிச்சேன்னுதான் கேக்குறாங்க. நுழைவுத் தேர்வுல நாலு மார்க் குறைஞ்சுது, அதான் சிவாஸ். ரெண்டு வருஷமா கண்ணு எரிய எரியப் படிச்சு இந்தப் பட்டியல் வரைக்கும் வந்திருக்கேன். நாலாம் வருஷத்துக்கு மாத்த மாட்டாங்க. இன்னிக்கு விட்டா அவ்வளவுதான்.”

“அந்தப் பையனும் அப்படித்தானே படிச்சிருப்பான்?”

“அப்ப வந்து சேர வேண்டியதுதானே? எங்கயாவது தூங்கிக்கிட்டிருப்பான்.”

“தூங்குற பிள்ளையா இருந்தா பேரு ரெண்டாவதா வந்திருக்காது,” என்றாள் ஸெக்கியே.

அவள் பைக்குள் செல்போன் அதிர்ந்தது. எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டாள்.

“எடுங்க தங்கச்சி. வீட்டுல கவலைப்படப் போறாங்க.”

“மகன்தான். அப்புறம் பேசிக்கிறேன்.”

நெஸ்ரினுக்கு உட்கார முடியவில்லை. எழுந்து கவுன்டர் பக்கம் போனாள். ஸெக்கியே குரலைத் தாழ்த்தினாள்.

“இவ இங்க வந்துட்டா நீங்க என்ன பண்ணுவீங்க அண்ணே?”

“என்ன பண்றது? இவ அம்மா போய் ஆறு வருஷமாச்சு. சிவாஸ்லேர்ந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்துடுவா. பஸ் ஏழு மணிக்குத்தான். நான் அஞ்சுக்கே போய் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டிருப்பேன். இனிமே பெருநாளைக்குப் பெருநாள்தான்.”

“எனக்கும் வீட்டுல அவன் ஒருத்தன்தான்,” என்றாள் ஸெக்கியே. “வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே நீங்க?”

ராசிம் மகள் நின்ற பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“அவகிட்ட சொல்லிடாதீங்க. விண்ணப்பத்தோட வைக்கிற மார்க் சர்டிபிகேட்டை ஒரு வாரம் மாவு டப்பாவுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருந்தேன். பாவம், வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினா. அப்புறம் நானே எடுத்துக் குடுத்துட்டேன். எனக்குத் தனியா உக்காந்து டீ குடிக்கப் பயமா இருக்குங்கிறதுக்காக அவ படிப்பை நிறுத்தலாமா?”

ஸெக்கியே கையிலிருந்த சிமித்தை அப்படியே பெஞ்சின் மேல் வைத்தாள். ஃபைலை எடுத்துக்கொண்டு கவுன்டருக்கு நடந்தாள்.

மணி ஐந்தாக எட்டு நிமிடம். நெஸ்ரின் உள்ளங்கைகளை விரித்து, உதடு மட்டும் அசைய, துஆ கேட்டுக்கொண்டிருந்தாள். ஸெக்கியேவைக் கண்டதும் விலகி வழிவிட்டாள்.

“நீங்க முதல்ல குடுங்க பெரியம்மா. எனக்கு அஞ்சு மணிக்கு மேலதானே வேலை.”

“உங்களுக்கு என்னம்மா?” என்றார் கிளார்க், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து.

ஸெக்கியே நெஸ்ரினின் முகத்தைப் பார்த்தாள். ஃபைலின் நாடாவை அவிழ்த்தாள். மறுபடி கட்டினாள்.

“குடிக்கத் தண்ணி எங்க இருக்குன்னு கேக்க வந்தேன்.”

ஐந்து அடித்தது. கிளார்க் பட்டியலில் இரண்டாவது பெயரை அடித்துவிட்டு, நெஸ்ரினின் பெயரை வாசித்தார். ராசிம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார். நெஸ்ரின் ஓடி வந்து ஸெக்கியேவைக் கட்டிக்கொண்டாள்.

“எல்லாம் உங்க ராசி பெரியம்மா. உங்க மகன் இங்க எந்த வருஷம்? நானே தேடிப் போய்ப் பேசுறேன்.”

“நல்லாப் படிம்மா,” என்று அவள் கன்னத்தைத் தடவிவிட்டு ஸெக்கியே படியிறங்கினாள்.

வெளி கேட்டைத் தாண்டிய பிறகுதான் செல்போனை எடுத்தாள். மகன் பன்னிரண்டு தடவை அழைத்திருந்தான்.

“தாரிக், கண்ணு... அம்மா இப்பத்தான் இங்க வந்து சேந்தேன். வழியில பஸ் டயர் வெடிச்சிருச்சுடா. உன்னால வர முடியலைன்னு, உனக்குப் பதிலா நானே வந்து உன்னைச் சேர்க்கலாம்னு நோட்டரிகிட்ட எழுதிக் குடுத்தியே, அந்தப் பத்திரம் கையிலயேதான் இருக்கு. கவுன்டரை மூடிட்டாங்க.”

“பரவாயில்லம்மா. யோஸ்காட்லயே உன்கூட இருந்து படிச்சுக்கிறேன்,” என்றான் தாரிக். “உனக்கு ஒண்ணும் ஆகலையே?”