நூல் வைத்து அளந்த எண்ணூர்

"ரெண்டு விரக்கடை தூரம்னு நக்சா வரைஞ்சு குட்த்தியே, எண்ணூர் போய்ச் சேரவே மத்தியானம் ஆயிப்பூட்ச்சி! நாளைக்கே தாம்பூலத்தத் திருப்பிக் குட்த்துடு!"

பட்டம்மாளின் சத்தத்துக்கு ராயபுரத்து ரயில்வே லைன் வீட்டு ஜன்னல்கள் தாமாகத் திறந்தன. ஒரே மகள் சொர்ணத்தைத் தூரத்தில் கொடுப்பதில்லை என்றிருந்தவள், ரயில் பாதைப் படமான அந்த நக்சாவை நூல் வைத்து அளந்துதான் இந்த எண்ணூர்ச் சம்பந்தத்துக்கே தலையாட்டியிருந்தாள்.

"நக்சான்னா எந்த டேசனுக்கு அப்பால எந்த டேசன்னு காட்டறதும்மே. அதுல தூரத்த அளக்கலாமா?" என்றார் புருஷன் பக்தவச்சலம், ரயில்வே ஃபிட்டர்.

"அப்ப இன்னாத்துக்குய்யா வரைஞ்சே?"

"நானா வரைஞ்சேன்? நீ அளப்பேன்னு தெரிஞ்சு உம்பொண்ணு வரைஞ்சு, எம்பேரச் சொல்லிக் குட்த்துக்கீறா."

பட்டம்மாள் திரும்பினாள். சொர்ணம் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தாம்பூலம் திரும்பிப் போகவில்லை. தை பிறந்ததும் சொர்ணம் கல்யாணமாகி எண்ணூருக்குப் போனாள். மாப்பிள்ளையை அவள் எப்போது பார்த்து வைத்தாள் என்பதுதான் லைன் வீட்டுக்காரர்களுக்கு இன்னும் விளங்கவில்லை.