நெட் ஒயரைப் பிடுங்கட்டும்

அச்சகம் நடத்தும் செண்பகவல்லியின் பழைய கம்ப்யூட்டர், வந்த மெயிலையெல்லாம் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தது.

“மெயில் எல்லாம் இனி சர்வர்லதான். அது காட்டுறதை நாம காட்டினாப் போதும். நீங்களும் அதுல சேர்ந்துக்குங்கண்ணே,” என்றது புதுப் போன்.

“என்கிட்ட இருக்கிறதை நான் விடமாட்டேன்,” என்றது கம்ப்யூட்டர்.

ஒருநாள் போனில் இடம் நிரம்பியது. சர்வரில்தான் இருக்கிறதே என்று செண்பகவல்லி போனில் மெயிலையெல்லாம் அழித்தாள். சர்வரிலும் சுத்தமாக அழிந்துபோனது, அன்று அச்சாக வேண்டிய கல்யாணப் பத்திரிகை உட்பட.

“அண்ணே, நீங்களாவது சீக்கிரம் சர்வரோட சேர்ந்து, உங்ககிட்ட இருக்கிறதை அதுக்குக் கொடுங்க!” என்று பதறியது போன்.

கம்ப்யூட்டர் மசியவில்லை. “சேர்ந்தா என்கிட்ட இருக்கிறதையும் அழிச்சிடும். அது சொன்னதும் மறக்க நான் ஒண்ணும் நீ இல்லை. அந்தம்மா வரட்டும். சர்வர் என்கிட்ட எட்டாம இருக்க, முதல்ல என் நெட் ஒயரைப் பிடுங்கட்டும். அப்புறம் பத்திரிகையைக் கேட்கட்டும்.”