ஒரு சொட்டு குடிக்காது

என் பழைய கார் வாரம் ஒரு லிட்டர் ஆயில் குடித்தது. விற்பதற்கு முந்தின நாள் கெட்டி ஆயிலை ஊற்றி, ஆயில் எரிந்து வரும் நீலப் புகையை அடக்கினேன். வாங்கியவன் ராடிசாவ், என் கல்யாணத்துக்குச் சாட்சி நின்ற கூம். கூம் என்றால் எங்கள் ஊரில் பொய் சொல்லக் கூடாத உறவு.

"ஒரு சொட்டு குடிக்காது, கூமே. எங்க வீட்டுப் புனித நிக்கோலா மேல சத்தியம்" என்றேன்.

மறுநாளிலிருந்து, வீட்டில் புனிதரின் படத்துக்கு முன் எரியும் விளக்கு ஊற்ற ஊற்ற வற்றுகிறது.

"உள்ளங்கை அளவு விளக்கு, வாரத்துக்கு ஒரு லிட்டர் ஆலிவ் எண்ணெய் கேக்குது" என்கிறாள் மனைவி டெசாங்கா.

ஞாயிறுதோறும் சர்ச் முடிந்து ராடிசாவ் ரக்கியா சாராயம் குடிக்க வருகிறான். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்க பானெட்டைத் திறந்து ஆயில் குச்சியை உருவிக் காட்டுகிறான். மேல் கோட்டிலேயே நிற்கிறது.

"இந்த ஊர்ல உன்னை மாதிரி யோக்கியன் எவன்டா இருக்கான்?"

போன ஞாயிறு என்னால் தாங்க முடியவில்லை. "வண்டியை விட்டுட்டுப் போ. வால்வு சீல் எல்லாம் நானே சும்மா மாத்தித் தரேன்" என்றேன்.

"குடிக்காத வண்டிக்கு எதுக்குடா வைத்தியம்?" குச்சியை என் மூக்கருகே நீட்டினான். "கறுப்பா இருக்க வேண்டிய ஆயில் தங்கம் மாதிரி இருக்கு பாரு. சர்ச் வாசனை வேற அடிக்குது."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். உள்ளேயிருந்து டெசாங்கா குரல் கொடுத்தாள்: "விளக்கு எண்ணெய் தீந்துபோச்சு, வாங்கிட்டு வாங்க!"

"ஏறு, நானே கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றான் ராடிசாவ்.

ஏறினேன். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். புகையே வரவில்லை.