சிலுவை இல்லாத வித்தோரே

பங்குக் கோயில் அலுவலகத்தில் துர்ரின் உட்காரவே இல்லை.

"உக்காருங்க தம்பி. புக்கு எங்கயும் ஓடிடாது," என்றாள் அங்கே பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஒனொரீனா.

அவர் ஜன்னலுக்கும் மேசைக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

வேர் தேடி இத்தாலியின் இந்த ஃபெல்த்ரே ஊருக்கு வருகிறவர்களைப் பதினெட்டு வருடமாகப் பார்க்கிறாள் அவள். பிரேசில், அர்ஜென்டினா என்று எங்கிருந்தோ வருவார்கள். பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் பாட்டன் பெயரைத் தடவிப் பார்ப்பார்கள், மூக்கைச் சிந்துவார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இந்த மனிதர் அழுகிற ரகமாகத் தெரியவில்லை. யாரையாவது அடிக்கக் கிளம்பியவர் மாதிரி இருந்தார்.

அர்ஜென்டினாவின் ரொசாரியோவிலிருந்து வந்திருக்கிறார். மகள் இங்கே நர்ஸ். தன் கொள்ளுத்தாத்தா இந்த ஊரில் பிறந்தவர் என்று இவர் மாதக் கடைசிக்குள் நிரூபித்தால் அவளுக்குக் குடியுரிமை. இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஏற்கெனவே ஒரு சான்றிதழ் கொடுத்து, அது திரும்பி வந்துவிட்டது.

கூட வந்த கடிதத்தைப் படித்த ஒனொரீனாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. 1881இல் பிறந்த வித்தோரே துர்ரின் ஒன்பதாம் நாளே இறந்துவிட்டான். ஒன்பது நாள் குழந்தைக்கு அர்ஜென்டினாவில் ஏழு பிள்ளைகள் எப்படிப் பிறந்தன என்று அதிகாரி கேட்டிருந்தார்.

"தப்பான ஆளைப் புடிச்சிருக்கீங்க. இது மூத்தவன். இவன் போனதும் அடுத்துப் பொறந்தவனுக்கு அதே பேரை வெச்சிருப்பாங்க. இங்க அந்தக் காலத்துல வீட்டுக்கு வீடு அப்படித்தான். உங்க வீட்ல ஒருத்தருக்குமா இது தெரியல?"

அவர் நடை நின்றது.

அவள் பக்கங்களைப் புரட்டினாள். 1883. வித்தோரே. ஓரத்தில் ஒரு சின்ன சிலுவை, பக்கத்தில் இறந்த தேதி. நாலு மாதம்.

"இவனும் இல்ல," என்று உச்சுக்கொட்டினாள்.

"என்ன மனுஷங்க இவங்க!" துர்ரின் வெடித்தார். "செத்த புள்ளையோட பேரைத் தூக்கி உசுரோட இருக்கறவன் தலையில கட்டறது. ஒவ்வொரு தடவ கூப்புடறப்பவும் யாரை நெனச்சுக் கூப்புடுவாங்க? இவனையா, அவனையா?"

குரல் பலிபீடம் வரை கேட்டிருக்கும். நூற்று நாற்பது வருடத்துக்கு முந்தைய சங்கதிக்கு இவ்வளவு கோபமா என்று ஒனொரீனாவுக்கு எரிச்சல் வந்தது.

"பெத்தவளுக்கு வாய் அந்தப் பேருக்குப் பழகியிருக்கும். கூப்புட்டா ஓடி வர ஒருத்தன் வேணும்ல?" என்றாள் வெடுக்கென்று.

1886. மறுபடியும் வித்தோரே. ஓரம் வெறுமையாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

"சிலுவை இல்ல! இவன்தான் தம்பி கப்பலேறினவன். பொண்ணுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க."

அவர் போனை எடுக்கவில்லை. அப்போதுதான் முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த வெற்று ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டது என்று நினைத்து, ஒனொரீனா சான்றிதழை எழுதி முடித்தாள். விண்ணப்பித்தவர் பெயர் மட்டும் பாக்கி.

"துர்ரின்னு போட்டுட்டேன். உங்க பேரு?"

"வித்தோரே. அங்க விக்தோர்னு எழுதுவாங்க."

"அட, கொள்ளுத்தாத்தா பேரையே வெச்சிருக்காங்க!"

"இல்லக்கா. எனக்கு முன்னாடி பொறந்த அண்ணன் பேரு. ரெண்டு வயசுல போயிட்டான். வருஷா வருஷம் நவம்பர்ல கல்லறைத் திருநாளுக்கு எங்கம்மா என்னைக் கூட்டிட்டுப் போயி, என் பேரு வெட்டின கல்லு மேல என் கையாலயே பூ வெக்கச் சொல்லும்."